படையல் கோழிக்கு எண்பது டிகிரி

கோழி வெந்துவிட்டதா என்று பார்க்க எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. ஓரத்தில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொள்வார்கள். எங்கள் மாடனுக்குச் சுடுகிற கோழியில் அது நடக்காது. சாமிக்குப் படைக்குமுன் மனித நாக்கு அதில் படக்கூடாது. நாக்கு மட்டுமல்ல, மூச்சுக்கூடப் படக்கூடாது. அதனால் சுடுகிறவர் மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துணியால் கட்டிக்கொள்வார். கட்டிய துணியைப் படையல் முடிகிறவரை அவிழ்க்கக்கூடாது, பேசக்கூடாது. கோழியை முழுசாகத்தான் சுட வேண்டும். கத்தியால் கீறினாலோ, கால் கழன்று விழுந்தாலோ அது பின்னப்பட்ட பொருள், சாமிக்கு ஆகாது. ஆக, உப்பு சரியா என்று யாருக்கும் தெரியாது. உள்ளே வெந்ததா என்றும் தெரியாது. தோலின் நிறத்தைப் பார்த்து இறக்க வேண்டியதுதான்.

தாராவியில் எங்கள் சந்து முடிகிற இடத்தில் இருக்கிறது அந்தப் பீடம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் கிடங்கிலும் பட்டறையிலும் வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து கட்டியது. ஊரில் கொடைத் திருவிழா என்றால் செவ்வாய்க்கிழமைதான் என்பார்கள். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. "சாமிக்கும் நம்மள மாதிரி வாரத்துல ஒரு நாள்தான் சுட்டி" என்று சந்தில் ஒரு பேச்சு உண்டு; சுட்டி என்றால் பம்பாயில் விடுமுறை. சுற்றிலும் பலகை வீடு, தகர வீடு என்பதால் விறகு மூட்டி எரிய விடுவதற்குத் தடை. நெருப்பு என்றால் கரி நெருப்புதான். செங்கல் அடுக்கி, கம்பி போட்டு, வடாலாவிலிருந்து சாக்கில் வரும் கரியை மூட்டி, உச்சிக்கொடைக்கு, அதாவது நடுப்பகல் படையலுக்கு, கோழி சுடுவது எங்கள் அப்பாவின் பொறுப்பு.

போன கொடையில் நடந்தது விளங்க, அதற்கும் இரண்டு கொடைக்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் கோழி வெளியே கருத்து உள்ளே வேகாமல் இருந்திருக்கிறது. சுடுகிறவர் வீட்டுப் பெண்பிள்ளைக்குத்தான் முதல் பங்கு, தொடைப் பங்கு. என் அக்காவுக்குக் கொடுத்தார்கள். அக்கா அப்போது முழுகாமல் இருந்தாள். சாப்பிட்ட அன்றைக்கே வயிறு போக ஆரம்பித்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. பிள்ளை தங்குமா என்று டாக்டர் கையை விரித்தார். தங்கியது. பெண்குழந்தை. கோழியால்தான் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அதே கோழியைச் சாப்பிட்ட வேறு நாலு பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அத்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். சத்தம்கூடப் போடவில்லை.

"இனிமே ஒங்க வீட்டுல அவ கை நனைக்க மாட்டா."

கை நனைக்காத வீடு என்றால் உறவில்லாத வீடு என்று பொருள். அத்தானுக்குச் செம்பூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை, குடியிருப்பு தேவ்நாரில். தாராவிக்கும் தேவ்நாருக்கும் எவ்வளவு தூரம்! பஸ் ஏறினால் போய்விடலாம். அக்கா வரவேயில்லை. அடுத்த கொடைக்கும் வரவில்லை. அம்மா இரண்டொரு தடவை போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு, கொண்டுபோன பலகாரத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள்.

 அதற்குப் பிறகு வீட்டில் கோழி சமைத்தால் அப்பா தொடுவதில்லை.

போன கொடைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது செய்தி வந்தது. குழந்தைக்கு முதல் முடி மாடன் பீடத்தில் இறக்குவதாக அத்தானின் அம்மா நேர்ந்திருக்கிறாளாம். தாய் சொல்லை அத்தான் தட்ட மாட்டார். வருகிறார்கள். முடி இறக்குவார்கள். சாப்பாடு வேண்டாமாம்.

"சாப்பாடு வேண்டாம்னா விட்டுரலாம். மொதப் பங்கை எப்படி வேண்டாம்னு சொல்லுவா? பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, சாமி முன்னால வச்சுக் குடுப்பாவளே!" என்றாள் அம்மா.

அதுதான் விஷயம். வாங்காவிட்டால் சாமியை மறுத்ததாகும். சந்து முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். அத்தோடு போக்குவரத்து நின்றுவிடும். வாங்கித் தின்று மறுபடி ஏதாவது ஆகிவிட்டால்? அக்கா இப்போது பால் கொடுக்கிறவள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் எஸ்.எஸ்.சி. முடித்தவன் நான் ஒருவன். மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் ரசாயன ஆய்வுக்கூட உதவியாளன். குடுவை கழுவுவது, கரைசல் கலந்து வைப்பது. இதை வீட்டில் எப்படிச் சொல்லி வைத்திருந்தேனோ, நெருப்பு, ஆவி, திராவகம் எல்லாம் எனக்கு அடக்கம் என்று அம்மா நம்பினாள்.

"எய்யா, ஒங்க காலேஜுல சூடு பாக்குத குச்சி இருக்குன்னியே. கோழிக்குள்ள சூடு பாக்க முடியாதா?"

எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. பார்க்க முடியும். ஆனால் எத்தனை டிகிரி வந்தால் கோழி வெந்ததாக அர்த்தம்? அது எந்தப் பாடத்திலும் வரவில்லை.

மறுநாள் எங்கள் டெமான்ஸ்ட்ரேட்டர் சாரிடம் கேட்டேன். பாலக்காட்டுப் பூர்வீகம், மாட்டுங்காவிலேயே வளர்ந்தவர், சுத்த சைவம்.

"தெர்மாமீட்டரா? ஆத்துக்கு எதுக்குடா?"

எனக்குப் பொய் வரவில்லை. சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கோழிக்குள்ளே விடப் போறியா?"

"ஆமா சார். கழுவி, ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு..."

"வேண்டாம்டா, வேண்டாம். அதோ அந்த டிராயர்லே எழுத்து அழிஞ்ச பழசு ஒண்ணு இருக்கு, கண்டம் பண்ணிக் கழிச்சது. எடுத்துக்கோ. நீயே வெச்சுக்கோ. ஆயுசுக்கும் திரும்பிக் கொண்டு வராதே."

"எத்தனை டிகிரி இருந்தா வெந்ததுன்னு சார்..."

"என்னைப் போய்க் கேக்கறியே!" என்றவர், என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, உட்கார்ந்து யோசித்தார். "பாலை அறுபத்துமூணுலே அரை மணி வெச்சாலே கிருமி போயிடும்பா. முட்டை வெள்ளைக்கரு அறுபதுக்கு மேலே கெட்டியாறது. நீ எண்பதுன்னு வெச்சுக்கோ. எண்பதுக்கு மேலே தர்க்கம் கிடையாது."

எண்பது. எனக்கு ஒரு எண் கிடைத்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தத் தெர்மாமீட்டரின் கோடுகள் பாதி மங்கிப் போயிருந்தன. நம்பலாமா? ஐஸ்காரனிடம் ஒரு கட்டி வாங்கி உடைத்து, உருகுகிற ஐஸுக்குள் வைத்தேன். பூஜ்யத்தில் நின்றது. சந்தோஷம். பிறகு கொதிக்கிற தண்ணீரில் தொங்கவிட்டேன். நூறைத் தொடவில்லை, இரண்டு டிகிரி குறைவாகக் காட்டியது. பம்பாய் கடல் மட்டத்து ஊர், இங்கே தண்ணீர் நூறில்தான் கொதிக்க வேண்டும். ஆக, குறை குச்சியில். எழுபத்தெட்டு என்று காட்டினால் எண்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டேன். நெயில் பாலிஷ் பக்கத்து வீட்டில் வாங்கியது. அதற்கு என்னென்ன கேலி கேட்டேன் என்பது இங்கே வேண்டாம்.

கொடைக்கு முந்தின ஞாயிறு ஒரு கோழி வாங்கி ஒத்திகை பார்த்தோம். அப்பா மறுக்கவில்லை. கம்பிக்கு மேலே குச்சியைப் பிடித்துப் பார்த்தேன். நடுவில் ஒரு சூடு, கை அகலம் தள்ளினால் வேறொரு சூடு. சந்திலிருந்து ஒரு காற்று வந்தால் பாதரசம் ஓட்டமாக ஏறுகிறது, நின்றால் இறங்குகிறது. நெருப்பைப் பார்த்துவிட்டு "நல்ல கனல்" என்று சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. அப்பாவும் நானும் யோசித்து, கம்பியை இன்னும் ஒரு செங்கல் உயர்த்தினோம். கரி சாம்பல் பூத்ததும் இரண்டு பக்கமாக ஒதுக்கி, நடுவில் கோழியை வைத்து, மேலே எண்ணெய் டின்னை வெட்டிக் கவிழ்த்தோம். டின்னில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு அதன் வழியே குச்சியை இறக்கி, தொடையில் எலும்பை ஒட்டினாற்போல நிறுத்தினேன்.

"என்ன வேய், கோழிக்குக் காய்ச்சலா?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள்.

தோல் சிவந்து, கால் நுனியில் சதை ஏறியதும் அப்பா வழக்கம்போல, "ஆச்சு" என்றார். குச்சி அறுபதைக்கூடத் தொடவில்லை. நான் தலையை ஆட்டினேன். அவர் உட்கார்ந்துகொண்டார். வெகு நேரம் கழித்துச் சிவப்புக் கோட்டுக்கு வந்தது. இறக்கி, அறுத்துப் பார்த்தோம். சதை வெள்ளையாக வெந்திருந்தது. எலும்பை ஒட்டி மட்டும் சிவப்பு.

"ரத்தம்லா இது!" அப்பா எலும்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "ஒன் எண்பதுக்கும் ரத்தம் இருக்கே."

 அந்தத் தொடையை அப்படியே எடுத்துத் தண்ணீரில் போட்டு, அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டேன். எடுத்துப் பிளந்தால் அந்தச் சிவப்பு அப்போதும் அப்படியே இருந்தது. கொதித்தும் போகாத சிவப்பு, வேகாத சதையின் சிவப்பு அல்ல. இளங்கோழியின் எலும்புக்குள் இருப்பது கசிந்து ஏறிய நிறம். எனக்குப் புரிந்தது. அக்காவுக்கும் அத்தானுக்கும் அதை யார் புரிய வைப்பது?

கொடையன்று காலையில் அடுத்த இடி. பூசாரி குச்சியைப் பார்த்தார்.

"இத எங்க குத்தப் போற?"

"தொடையில."

"குத்துனா பின்னம்லா? ஒங்க வீட்டு வெளையாட்ட மாடன்கிட்ட வச்சுக்காதிய. சொல்லிட்டேன்."

அப்பா ஏற்கெனவே துணியைக் கட்டியிருந்தார். ஒன்றும் சொல்ல முடியாது. என்னைப் பார்த்தார். கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அதில் இருந்தது பயம் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

எனக்குத் தோன்றிய ஒரே வழி, பக்கத்தில் இன்னொரு கோழியைச் சுடுவது. சாமிக்குரியதை யாரும் தொட வேண்டாம். அதே கம்பி, அதே டின், அதே நேரம். அதில் குத்திப் பார்க்கலாம். ஆனால் கோழிக்கு எங்கே போவது? அம்மா வீட்டுக்குள் போய்க் கூடையைத் திறந்தாள். அக்கா என்றைக்காவது வந்தால் அடித்துப் போடலாம் என்று அவள் வளர்த்துக்கொண்டிருந்த சேவல். கையில் தூக்கிப் பார்த்தேன். சாமி கோழியைவிடக் கனம். அதுதான் எனக்கு வேண்டியது. கனமானது வேகத் தாமதமாகும். அதற்கே எண்பது வந்துவிட்டால் மெலிந்ததற்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

பூசாரி யோசித்துவிட்டு, "அடுப்பத் தொடுதவன் நீயும் வாயைக் கட்டு" என்றார். கட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊமைக்கூத்து. அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் டின். மூச்சு முழுக்கத் துணிக்குள் சுற்றிக்கொண்டு வியர்வை கண்ணில் இறங்கியது. நான் விரலைக் காட்டுவேன், விரலுக்குப் பத்து டிகிரி: ஐந்து, பிறகு ஆறு. அப்பா தலையசைப்பார், விசிறுவார். இரண்டு கோழியையும் இடம் மாற்றி மாற்றி வைத்தோம், ஒரு பக்கக் கனல் ஒன்றுக்கே போய்விடக்கூடாது என்று.

முடி இறக்கி முடிந்து, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தான் எதிரே வந்து நின்றார். பக்கத்தில் அக்கா. மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். துணிக்குள்ளிருந்து நான் சிரித்தது அவளுக்குத் தெரிந்திருக்காது. அத்தான் சிரிக்கவில்லை. அவர் பார்வை குச்சியில் இருந்தது.

எழுபதைத் தாண்டியதும் பாதரசம் நின்றுவிட்டது. பார்க்கிறேன், பார்க்கிறேன், அசையவில்லை. கரி தளர்ந்துவிட்டது. புதுக் கரி போட்டால் முதலில் புகைதான் வரும், சூடு இறங்கும். போடாவிட்டாலும் இறங்கும். மேளம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"உச்சி சாயப் போவுது. எறக்கு!" என்று பூசாரி கத்தினார்.

டின் ஓரத்து இடைவெளியில் சாமி கோழி பொன்னிறமாக, பார்த்த கண்ணுக்கு வெந்து முடிந்ததாக இருந்தது. அப்பாவின் கை டின்னை நோக்கிப் போனது. நான் என் உள்ளங்கையைத் தகித்த டின் மேலேயே வைத்து அழுத்தினேன். சுட்டது. எடுக்கவில்லை. அப்பா என் கையைப் பார்த்தார், அப்புறம் எதிரே நின்ற மகளைப் பார்த்தார். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு விசிறியை எடுத்தார்.

"ஏய், காதுல விழுதா இல்லியா? எறக்குன்னு சொல்லுதேன்!"

"வாயக் கட்டுனவன்கிட்ட வம்பு வளத்தா பதிலா வரும்? நீரு போயி பூவக் கட்டும் வேய்" என்று கூட்டத்தில் ஒரு கிழட்டுக் குரல். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எங்களுக்குக் கொஞ்சம் நேரம் கிடைத்தது.

இரண்டு ஓரத்துக் கனலையும் அப்பா உள்ளே தள்ளிக் குவித்து, மண்டியிட்டு விசிறினார். சாம்பல் பறந்தது. எழுபத்தொன்று. எழுபத்துமூன்று. மேளக்காரர்கள் பீடத்துக்கு வந்துவிட்டார்கள். சிவப்புக் கோட்டைப் பாதரசம் தொட்டபோது அது மெய்யா, வியர்வை வழிந்த என் கண் செய்கிற வேலையா என்று ஒரு தடவை துடைத்துக்கொண்டு பார்த்தேன். எட்டு விரலைத் தூக்கிக் காட்டினேன்.

அப்பா கோழியை இறக்கினார். கால் கழலவில்லை.

படைத்து, தீபம் காட்டி, துணியை அவிழ்த்த பிறகு பூசாரி அக்காவைக் கூப்பிட்டார். அவள் அத்தானைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் போய் முந்தானையை ஏந்தி வாங்கினாள். இலையில் தொடை. பிய்த்தாள். எலும்பருகே அதே சிவப்பு.

அத்தான் அந்தத் துண்டை அவள் கையிலிருந்து எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன செவப்பு?"

"எலும்புக்குள்ள உள்ள நெறம் அத்தான். அரை மணி கொதிக்க வச்சுப் பாத்தேன், அப்பவும் போகல. வேகாததால வந்த செவப்பு இல்ல."

"ஒன் குச்சி இதுக்குள்ளயா இருந்துச்சு?"

"இல்ல. பக்கத்துல உள்ளதுல."

"அப்ப இதுக்குள்ள எவ்வளவுன்னு ஒனக்குத் தெரியாது."

"தெரியாது" என்றேன்.  "ஆனா அது கனம் கூடுன கோழி. அதுக்கே எண்பது வந்துட்டு."

அவர் என் உள்ளங்கையைப் பார்த்தார். கொப்பளம் எழும்பியிருந்தது. அப்பா துணியை மடித்துக்கொண்டிருந்தார், நாலாய் மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"கோர்ட்டு முடிஞ்சிட்டா? ஆறிப்போவுது" என்று அக்கா அத்தான் கையிலிருந்து துண்டைப் பிடுங்கினாள். தின்றாள். எலும்பை விட்டுவைக்காமல் தின்றாள்.

அவர்கள் எங்கள் வீட்டுக்கு வராமலேயே பஸ் ஏறிவிட்டார்கள்.

அன்று பகல் போனது எனக்குத் தெரியும், மாலை போனதும் தெரியும். ஒவ்வொரு மணிக்கும் அந்த வருஷம் இந்நேரம் அக்காவுக்கு என்ன ஆகியிருந்தது என்று மனது ஒப்பிட்டுக்கொண்டே இருந்தது. கனமானது, மெலிந்தது என்று போட்ட கணக்கில் எங்காவது ஓட்டை இருக்குமா? இடம் மாற்றியபோது சாமி கோழிக்குக் காற்றுப் பக்கம் கூடுதலாகப் போயிருந்தால்?  அப்பா வாசலில் உட்கார்ந்து தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட செய்தி அந்தப் பக்கமிருந்துதான் வரும்.

விடிந்ததும், வேலைக்குப் போகாமல் தேவ்நாருக்கு பஸ் ஏறினேன். குடியிருப்பின் பொதுக் குழாயடியில் அக்கா இருக்கிறாளா என்று தூரத்திலிருந்தே தேடினேன். இல்லை.  வீட்டு வாசலுக்குப் போனால் அத்தான் சட்டையில்லாமல் நின்று பல் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"அக்கா?"

அவர் வாயில் நுரையோடு உள்ளே கையைக் காட்டினார். பதில் வருவதற்குள் அக்காவே எட்டிப் பார்த்தாள், இடுப்பில் மொட்டைக் குழந்தை.

"என்னல, ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போற மூஞ்சியோட வந்து நிக்க? கல்லு மாதிரி இருக்கேன். வா, டீ குடி."

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தான் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தார்.

"கோழி வெந்துதான் இருந்துச்சு" என்றார். "உப்புதான் இல்லன்னு இவ சொல்லுதா."

"ருசி பாக்கக்கூடாதுல்லா அத்தான்."

"அதுக்கு ஒரு குச்சி கெடையாதா ஒங்க காலேஜுல?" என்று கேட்டுவிட்டு, முகத்தைத் துடைத்தபடி நின்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "ராத்திரி முழுக்க நான் தூங்கல, பாத்துக்க. இவ திரும்பிப் படுத்தா எந்திரிச்சு ஒக்காந்துடுதேன். பிள்ள ஒடம்பு சுடுதான்னு தொட்டுத் தொட்டுப் பாக்குதேன். கைக்கு ஒண்ணும் தெரியல. அந்தக் குச்சிய இதுக்கு வைக்கலாமா?"

"இது ஒடம்புக்கு வைக்கிறது இல்ல அத்தான். அது வேற."

"அப்ப அதுல ஒண்ணு வாங்கிட்டு வா. எத்தனை இருந்தா காய்ச்சல்னு எழுதியும் குடு."

தலையாட்டினேன். அக்கா டீயைக் கொண்டுவந்து வைத்தாள். அத்தான் வேலைக்குக் கிளம்ப பாண்ட் மாட்டிக்கொண்டு, தகரப் பெட்டியைத் தேடிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"போகும்போது இவளையும் கூட்டிட்டுப் போ. மதியம் அங்க சாப்பிடட்டும். ஷிப்டு முடிஞ்சு நானே வந்து கூட்டிக்கிடுதேன்."

அக்கா உடனே குழந்தையின் துணிகளை எடுத்து ஒரு பைக்குள் அடைக்க ஆரம்பித்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "அம்மா இன்னைக்கு என்ன வைப்பா?" என்று கேட்டாள்.  மீதியிருந்த சேவலைத்தான் வைப்பாள்; நேற்று சுட்டது, மூடி வைத்திருக்கிறோமோ என்னவோ. வீட்டுக்குப் போன உடனே அதைக் கொதிக்க வைக்கச் சொல்ல வேண்டும், குச்சி எங்கே வைத்தேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.